யார் கைக்குப் போகும் இந்தக் கண்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வெஸ்கேம் என்ற நிறுவனம் ஒரு கருவி செய்கிறது. உருண்டையான உலோகக் கூடு, அதன் முகத்தில் சில கண்ணாடிச் சாளரங்கள். ஒன்றின் பின்னால் பகலில் பார்க்கும் கேமரா. இன்னொன்றின் பின்னால் உடல் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் படமாக்கும் தெர்மல் கேமரா. தூரத்தை அளக்க ஒரு லேசர், குண்டுக்கு இலக்கைத் தொட்டுக் காட்ட ஒரு லேசர். வானூர்தி எவ்வளவு குலுங்கினாலும் படம் அசையாது. கடலில் தத்தளிப்பவரைத் தேடும் மீட்புப் படையும் இதே வரிசைக் கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது.

2020 செப்டம்பர் கடைசியில் நகோர்னோ-கராபாக்கில் போர் மூண்டபோது, துருக்கி தயாரித்த பைரக்தார் டிபி2 ட்ரோன்களின் அடிவயிற்றில் இந்தக் கண் இருந்தது. அஜர்பைஜான் படை அதன் உதவியோடு ஆர்மீனியாவின் டாங்கிகளையும் பீரங்கிகளையும் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தது. அடித்த காட்சிகளை அதே கேமராவில் பதிவு செய்து உலகத்துக்குப் போட்டும் காட்டியது.

கனடாவில் விதி இல்லாமல் இது நடக்கவில்லை. சிரியாவுக்குள் துருக்கிப் படை நுழைந்ததைக் காரணம் காட்டி, 2019 அக்டோபரிலேயே துருக்கிக்கான புதிய ராணுவ ஏற்றுமதி உரிமங்களை ஒட்டாவா நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் 2020-இல் இந்தக் கருவிக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. நேட்டோ கூட்டாளி கேட்கிறார், எழுத்தில் உறுதியும் தருகிறார், அப்புறம் என்ன என்று கோப்பு நகர்ந்துவிட்டது. போர் தொடங்கிய பிறகு அக்டோபரில் உரிமங்கள் இடைநிறுத்தம். 2021 ஏப்ரலில் 29 உரிமங்கள் அடியோடு ரத்து. துருக்கி கொடுத்த இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழிக்கு மாறாகக் கருவிகள் பயன்படுத்தப்பட்டன என்று வெளியுறவு அமைச்சர் மார்க் கார்னோ ஒப்புக்கொண்டார். அதற்குள் போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2024 ஜனவரியில் சுவீடனை நேட்டோவில் சேர்க்கத் துருக்கி சம்மதித்ததும் கனடா தன் தடையைத் தளர்த்திக்கொண்டது. இடையில் துருக்கியும் சும்மா இருக்கவில்லை. அசெல்சான் நிறுவனத்தின் சொந்தக் கருவியை ட்ரோன்களில் பொருத்தத் தொடங்கிவிட்டது.

ராணுவத்துக்கும் குடிமக்களுக்கும் ஒருசேரப் பயன்படும் ஒளியியல், உணரித் தொழில்நுட்பங்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு எந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சரக்கு தொழிற்சாலை வாசலைத் தாண்டும்வரை ஆயிரம் கேள்வி. தாண்டிய பிறகு, வாங்கியவர் எழுதிக் கொடுத்த ஒரு தாளைத் தவிர விற்றவர் கையில் ஒன்றும் கிடையாது.

பிரான்ஸின் கதை இன்னும் மோசம். கிரைமியாவை ரஷ்யா பறித்துக்கொண்ட பிறகு, 2014 ஆகஸ்ட் முதல் ரஷ்யாவுக்கு ஆயுதம் விற்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பழைய ஒப்பந்தங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதப்பட்டது. அந்த ஒரு வரியின் பலத்தில் பிரெஞ்சு நிறுவனங்களின் தெர்மல் கேமராக்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் ரஷ்ய டாங்கிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதம்தான் டிஸ்குளோஸ் என்ற புலனாய்வு ஊடகம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சட்டத்தை யாரும் மீறவில்லை. அங்கேதான் நமக்குக் கவலை.

மீறியவர்களும் உண்டு. அமெரிக்கப் படைக்கு இரவுநோக்கிகள் செய்துகொடுத்த ஐடிடி நிறுவனம், அந்தத் தொழில்நுட்பத்தின் விவரங்களை உரிமம் இல்லாமல் சீனா, சிங்கப்பூர், பிரிட்டனுக்கு அனுப்பியதாக 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் தண்டம் ஏற்றது. அதில் பாதியை அடுத்த தலைமுறை இரவுநோக்கி ஆராய்ச்சியில் செலவிட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று அரசு சலுகை கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும். குற்றவாளியை விட்டால் அந்தக் கருவிக்கு வேறு கதி இல்லை என்ற நிலையில் தண்டனைக்கு எவ்வளவு பல் இருக்கும்?

விதிகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பனிப்போர்க் காலத்து ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அமைப்பான கோகாம் கலைந்த பிறகு, 1996-இல் பிறந்தது வாசனார் உடன்பாடு. இன்று 42 நாடுகள் அதில் உண்டு; செயலகம் வியன்னாவில். அதன் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில் ஆறாவது பிரிவு உணரிகளும் லேசர்களும். உணர் தளத்தில் எத்தனை புள்ளிகள், எந்த அலைநீளம், விநாடிக்கு எத்தனை படங்கள் என்று எண்களால் வேலி கட்டியிருக்கிறார்கள். உதாரணமாக, விநாடிக்கு 9 படங்களுக்கு மேல் எடுக்காத தெர்மல் கேமராவுக்குக் கட்டுப்பாடு தளர்வு. ஓடும் மனிதனையோ வண்டியையோ குறிபார்க்க அந்த வேகம் போதாது என்பது கணக்கு. கட்டடத்தில் நீர்க்கசிவு பார்க்கவும் மின்கம்பிகளில் சூடேறிய இணைப்பைக் கண்டுபிடிக்கவும் வாங்கும் பல கேமராக்களில் படம் விட்டு விட்டு நகர்வதைக் கவனித்தவர்களுக்கு இப்போது காரணம் புரியும்.

அந்த வேலி போட்ட காலத்தில் இத்தகைய உணரிகளைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று வாசனாருக்கு வெளியே நிற்கும் சீனாவில் பல நிறுவனங்கள் விநாடிக்கு 25, 50 படங்கள் எடுக்கும் தெர்மல் கேமராக்களைச் சந்தையில் குவிக்கின்றன. கிழக்கு உக்ரைனில் இரவில் பறக்கும் சிறு ட்ரோன்களுக்குக் கண் கொடுப்பவை இந்த வகையே. கட்டுப்பாட்டுக்கு அடங்கிய நேர்மையான தயாரிப்பாளர் உரிமத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க, அடங்காதவர் சந்தையைப் பிடிக்கிறார். 2015-இல் அமெரிக்கா தன் விதிகளை இறுக்க முன்மொழிந்தபோது அங்குள்ள ஒளியியல் தொழில்துறை கொதித்தெழுந்ததற்கு இதுதான் காரணம். மறு ஆண்டு இறுதி வடிவம் வந்தபோது அந்த முன்மொழிவு வெகுவாகத் தளர்ந்திருந்தது.

அதற்காக வேலியே வேண்டாம் என்று வாதிடுவோருடன் நாம் உடன்படவில்லை. ரஷ்யாவின் ஓர்லான்-10 உளவு ட்ரோனைப் பிரித்துப் பார்த்த உக்ரைன் வீரர்கள், அதற்குள் கடையில் கிடைக்கும் கேனான் கேமராவையும், எரிபொருள் தொட்டிக்குத் தண்ணீர் பாட்டில் மூடியையும் கண்டார்கள். பலரும் சிரித்த காணொளி அது. தரமான ராணுவ உணரி எளிதில் கிடைக்காததும் கடைக் கேமரா அங்கே வந்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கட்டுப்பாடு வேலை செய்கிறது. ஆனால் முழுதாக அல்ல, எல்லோரிடமும் அல்ல.

இப்போது அந்தப் பாதி வேலையும் தடுமாறுகிறது. வாசனாரில் எல்லா முடிவும் ஒருமித்த சம்மதத்தில்தான். ரஷ்யாவும் அதில் உறுப்பு நாடு. 2022 முதல் புதிய தொழில்நுட்பங்களைப் பட்டியலில் சேர்ப்பது பெரும் இழுபறியாகிவிட, அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தத்தம் பட்டியலைத் தனித்தனியாக நீட்டத் தொடங்கிவிட்டன. எதிர்ப்பக்கத்தில் சீனா, 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஆகிய தனிமங்களுக்கும், அடுத்த மாதமே ட்ரோன்களில் பொருத்தும் அகச்சிவப்புக் கேமராக்கள், லேசர்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கியது. தெர்மல் கேமராவின் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியத்தில் கடைந்தது. சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிருக்குச் சுவர்தான். இந்தியாவில் ஜெர்மானியம் உற்பத்தி இல்லை. டேராடூனில் பீரங்கிக்கு நோக்கி செய்தாலும் சென்னையில் டாங்கிக்குச் செய்தாலும் லென்ஸுக்கான உலோகம் கப்பலில் வந்தாக வேண்டும்.

கட்டுப்பாட்டின் கசப்பை அனுபவித்த நாடு இது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா போட்ட தடைப்பட்டியலிலிருந்து கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் விடுபட 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுக்கப்படுபவரின் வரிசையில் நின்றே பழகிய நமக்கு, மறுக்கும் பொறுப்புள்ள விற்பனையாளர் வரிசைக்கு வந்துவிட்டோம் என்பது இன்னும் உறைக்கவில்லை. 2013-14-இல் ரூ.686 கோடியாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-இல் ரூ.23,622 கோடி. 2029-க்குள் ரூ.50,000 கோடி என்பது இலக்கு. எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று கண்டுபிடிக்கும் ஸ்வாதி ரேடாரை ஆர்மீனியாவுக்கு விற்றோம். கராபாக்கின் ஒரு பக்கத்துக்குக் கனடாவின் கண் என்றால், மறுபக்கத்துக்கு நம்முடையது.

விற்பது தவறென்று இங்கே வாதிடவில்லை. யாருக்கு விற்கிறோம், பிறகு அது என்ன ஆகிறது என்று கேட்கிறோம். மியான்மரில் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவத்துக்குப் போன தளவாடங்களைக் கணக்கிட்ட ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ், 2023 மே மாத அறிக்கையில் இந்தியாவின் பங்கை 5.1 கோடி டாலர் என்று குறித்தார். ரஷ்யா, சீனா, சிங்கப்பூரின் பங்கோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் அதில் அரசுத் துறை நிறுவனமும் இருந்தது. தன் மக்கள்மீதே குண்டு போடும் ராணுவத்துக்கு எந்த உறுதிமொழியின் பேரில் சரக்கு போனது என்று எந்த அவையிலும் விரிவாக விளக்கப்படவில்லை.

2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்கா, ரஷ்யாவுக்கு மின்னணு உதிரிகளும் விமான உதிரிகளும் அனுப்பியதாக 19 இந்திய நிறுவனங்கள்மீது தடை விதித்தது. இவை இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம். வாஷிங்டன் போடும் ஒவ்வொரு தடைக்கும் டெல்லி தலையாட்ட வேண்டியதில்லை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரான்ஸ் சொன்ன பதிலும் இதே பதில்தான் என்பதை நினைவுபடுத்துகிறோம்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. 2017 டிசம்பரில் வாசனாரில் சேரும் முன்பே அதன் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலை எட்டாம் பிரிவாக அப்படியே இணைத்துக்கொண்டோம். உணரிகளும் லேசர்களும் அதில் வந்துவிட்டன. ராணுவத் தளவாடங்களுக்கு ஆறாம் பிரிவு, அதற்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் உரிமம். ஏட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2005-ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதங்கள் சட்டம் அணு, வேதி, உயிரி ஆயுதங்களையும் அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பட்டியலுக்குச் சற்றே கீழே நிற்கும் ஒரு கேமரா, இடைத்தரகர் வழியாகப் போர்க்களத்துக்குப் போவதைப் பிடிக்க அது நெய்யப்பட்ட வலை அல்ல. 2023 ஜூனில் 25 கி.மீ. தூரத்துக்கும் 25 கிலோ சுமைக்கும் உட்பட்ட குடிமைப் பயன்பாட்டு ட்ரோன்களுக்கு ஏற்றுமதி நடைமுறையை எளிதாக்கினார்கள். நல்ல முடிவுதான். குடிமைப் பயன்பாடுதான் என்று உறுதி தருபவர் யார்? மறுபடியும் அதே தாள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று விரியும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் மின்-ஒளியியல் கருவிகளுக்கான சோதனை மையம் வரவிருக்கிறது. நந்தம்பாக்கத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. சுற்றிலும் ட்ரோன் நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு இருக்கும். இருபது பேரோடு ஓடும் சிறு தொழிற்கூடத்துக்கு? துபாய் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: 640 புள்ளி தெர்மல் கேமரா ஐம்பது வேண்டும், முழுப் பணமும் முன்கூட்டியே. நிறுவித் தர ஆள் வேண்டாம், பயிற்சி வேண்டாம், உத்தரவாதமும் வேண்டாம். சரக்கை இறக்க வேண்டிய இடம் ஒரு சரக்கு முகவரின் கிடங்கு. நிறுவனம் பதிவாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் ஊறியவருக்கு இதில் ஒவ்வொரு வரியும் அபாய மணி. ஆர்டர் இல்லாமல் சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் முதலாளிக்கு இது தெய்வம் தந்த வாய்ப்பு. கேமராவையே அனுப்பாமல் அதன் வரைபடத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினாலும் சட்டப்படி அதுவும் ஏற்றுமதிதான் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

டெல்லியில் நடத்தும் கருத்தரங்கு போதாது. கோவையிலும் ஓசூரிலும் தொலைபேசியை எடுத்துத் தமிழில் பதில் சொல்லும் உதவி மையம் வேண்டும். சந்தேகமான ஆர்டரை அங்கே காட்டி இரண்டு மூன்று நாளில் பதில் வாங்க முடிய வேண்டும். விற்ற பிறகும் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அமெரிக்கா 1990 முதல் இதைச் செய்கிறது. சுவிட்சர்லாந்து, தான் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விற்ற கையெறி குண்டுகள் சிரியாவில் அகப்பட்ட பிறகு இந்த நிபந்தனையைச் சேர்த்தது. நமக்கும் அப்படியொரு அவமானம் நேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் தூதரகங்களில் பாதுகாப்பு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். விற்பனை விழாவுக்குப் போகிறவர்கள் கிடங்கையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கு வெளியே வர வேண்டும். கனடா தவறு செய்தது. ஆனால் அங்கே ஆண்டுதோறும் ராணுவ ஏற்றுமதி அறிக்கை வெளியாகிறது. வெஸ்கேம் விவகாரத்தில் நாடாளுமன்றக் குழு கோப்புகளை வரவழைத்துப் புரட்டியது. நம் நாடாளுமன்றத்தில் மொத்த ரூபாய்க் கணக்கும் நாடுகளின் எண்ணிக்கையும் கைதட்டலோடு வாசிக்கப்படுகின்றன. எந்த நாட்டுக்கு எது என்று கேட்டால் பாதுகாப்பு நலன் குறுக்கே வந்துவிடுகிறது. வழித்தடத்தின் ஐந்து நகரங்களிலிருந்தும் மக்களவைக்குப் போயிருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுக்கட்டும்: கடந்த ஐந்தாண்டில் உணரி, லேசர், இரவுநோக்கி வகையில் எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன, விற்ற பிறகு எத்தனை இடங்களில் நம் அதிகாரி நேரில் போய்ப் பார்த்தார்?