தோற்பதற்காவது எங்களை விடுங்கள், ஐயா

தேசிய பெண்கள் உதைபந்தாட்ட லீக்கின் போட்டி ஒழுங்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

பெருமதிப்புக்குரிய ஐயா,

பருத்தித்துறையிலிருந்து எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் விடயம் உங்களுக்குப் புதிதல்ல. மின்னஞ்சலில் அனுப்பினோம், பதிவுத் தபாலில் அனுப்பினோம், உங்களைத் தெரிந்தவர்களைக் கொண்டும் சொல்லுவித்தோம். தபாலை உங்கள் அலுவலகத்தில் யாரோ கையெழுத்திட்டு வாங்கியதற்கான அட்டை மட்டும் திரும்பி வந்தது. அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. ஆகவே நாலு பேர் பார்க்கத்தான் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

சட்டதிட்டங்களை எடுத்து வைத்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரு போட்டியின் மைதானத்தை மாற்றுவதென்றால் எத்தனை நாள் முன்பு, யாருக்கு, எந்தெந்த மொழியில் அறிவிக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் எங்கள் பிள்ளைகளின் ஆட்டமொன்று சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொழும்புப் பக்கத்து மைதானம் ஒன்றில் என்று குறித்திருந்தீர்கள். இங்கிருந்து அங்கே நானூறு கிலோமீற்றருக்கு மேல். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொழுதுபட பஸ் வெளிக்கிட்டது. பஸ் வாடகையில் பாதி கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. மீதியை முனைக் கரையில் மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுத் தந்தார்கள். கோல் காப்பாளருக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. வல்லை வெளி தாண்டியதும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் உயிரியல் கொப்பியை விரித்தவள், வவுனியாவரை மூடவில்லை. புத்தளத்தில் இறங்கிப் பிளேன்ரீ குடித்தோம்.

இரவு 11.40க்கு உங்கள் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி போட்டிருக்கிறார்கள். மைதானம் மாறிவிட்டது என்று. மூன்று வரியும் சிங்களத்தில். ஓடுகிற பஸ்ஸுக்குள் நித்திரையில் இருந்தவர்கள் அதைக் காணவில்லை. கண்டிருந்தாலும் வாசித்திருக்க மாட்டார்கள்.

காலை எட்டரைக்கு முன்பே பழைய மைதானத்து வாசலில் இறங்கினோம். உள்ளே ஏதோ கம்பனிக்காரரின் கிரிக்கெட்டுக்குப் பந்தல் கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற வயதான சிங்களவர், தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்து, "இண்டைக்கு இஞ்ச இல்ல மிஸ், அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். இந்தப் பருவம் முழுவதிலும் எங்களுக்குத் தமிழில் தகவல் தந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம்.

"அந்தப் பக்கம்" என்பது நகரத்தின் மறுகரை. சனிக்கிழமை நெரிசலில் பஸ் ஊர, ஜன்னல்களுக்குப் போர்வையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளேயே ஜேர்சி மாற்றினார்கள். பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கோட்டில் நின்றபோது நேரம் பத்தேகால். எதிரணி நின்றது. மத்தியஸ்தர் நின்றார். பந்தும் நின்றது. எதிரணித் தலைவியே மத்தியஸ்தரிடம் போய், "அவர்கள் வந்துவிட்டார்கள்தானே, விளையாடுகிறோம்" என்று கேட்டாள். மத்தியஸ்தர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் பேசியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. வாக் ஓவர். மூன்றுக்குப் பூச்சியம். பதிவில் எங்கள் அணியின் பெயருக்கு எதிரே, "சமூகமளிக்கவில்லை".

பதினெட்டுப் பிள்ளைகள், ஜேர்சியோடு, கோட்டில் நிற்கிறார்கள். சமூகமளிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் அலுவலகம் அறியாது. மத்தியஸ்தர் போன பிறகு எதிரணிப் பிள்ளைகள் தங்கள் தண்ணீர்ப் போத்தல்களை எங்களவர்களிடம் நீட்டினார்கள். பக்கத்துக்கு இருபது நிமிடமென்று தாங்களே பேசிக்கொண்டு ஆடினார்கள். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது. ஓஃப்சைட் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கு ஒன்றென்று நாங்கள் தோற்றோம். அந்தத் தோல்விதான் ஐயா எங்களுக்கு வேண்டியது. நீங்கள் எழுதி வைத்த தோல்வி வேண்டாம்.

இனி இந்தப் பதிவு கூட்டங்களில் எப்படிப் பேசப்படும் என்பதும் தெரிந்ததுதான். "வடக்கு அணிகள் ஒழுங்காக வருவதில்லை, அங்கே பெண்கள் விளையாட்டில் ஆர்வம் குறைவு." யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீண்ட தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களை வென்று வந்தார்களே, அது எந்த ஆர்வத்தில்? முப்படைகளின் பெண்கள் அணிகளுக்குச் சம்பளம் உண்டு, தங்குமிடம் உண்டு, சொந்த மைதானம் உண்டு. அது அவர்களின் பிழையல்ல. ஆனால் ரியூசனுக்கும் கடற்கரைக்கும் இடையில் பயிற்சி எடுத்து வருகிற பிள்ளையை அதே லீக்கில் சேர்த்துவிட்டு, இரவோடிரவாக மைதானத்தையும் மாற்றினால், எந்த அணி மிஞ்சும் என்பதற்குக் கணக்குப் படிக்கத் தேவையில்லை.

2012 இல் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் பெண்கள் கிண்ணப் போட்டி கொழும்பில்தான் நடந்தது. இலங்கை அரையிறுதிக்குப் போனது. பங்களாதேஷ் முதற்சுற்றோடு வீடு திரும்பியது. அதன்பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்ற ஒரு கிராமத்து ஆரம்பப் பாடசாலையிலிருந்தே தேசிய அணிக்குப் பல பிள்ளைகளை எடுத்தார்கள். 2022 இலும் 2024 இலும் கத்மண்டுவில், நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள். 2026 ஆசியக் கிண்ணத்துக்கும் முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள். கல்சிந்தூருக்கும் யாராவது நள்ளிரவில் விளங்காத மொழியில் மூன்று வரி அனுப்பியிருந்தால் அவர்களும் எங்களைப்போல் சமூகமளிக்காமல் இருந்திருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் கடலுக்கு அக்கரையில், மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019 இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. கடலூர்ப் பிள்ளை இந்துமதி கதிரேசன் அந்த அணிக்கும் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் கால் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். நடத்துகிறவர்கள்தான் வேறு.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர் வரை ஃபிஃபா ஒதுக்கியிருக்கிறது. அதே 2023 இல், வெளித் தலையீடு என்ற காரணத்தைச் சொல்லி, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை நாட்டையே இடைநிறுத்தியும் வைத்தது. பெரியவர்களின் சண்டைக்குப் பிள்ளைகள் ஏழு மாதம் தண்டனை அனுபவித்தார்கள். அப்போது கடிகாரத்தைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் நாற்பத்தைந்து நிமிடம் பிந்தியபோது மட்டும் உங்களுக்கு நேரம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கத்தார் 1921 இல் பெண்கள் உதைபந்தாட்டத்துக்குத் தங்கள் கழகங்களின் மைதானங்களை மறுத்துத் தீர்மானம் போட்டார்கள். ஐம்பது வருடம் அது நின்றது. கொடுமைதான். ஆனால் அவர்கள் அதைப் பகிரங்கமாக எழுதிவைத்துச் செய்தார்கள். நீங்கள் லீக்கும் நடத்துகிறீர்கள், அட்டவணையும் போடுகிறீர்கள், எங்கள் பெயரையும் சேர்க்கிறீர்கள், மைதானத்தை மட்டும் ஒளித்து வைக்கிறீர்கள்.

பருத்தித்துறையில் ஒரு பெண்பிள்ளையை இரவுப் பயணத்துக்கு அனுப்பச் சொல்லி ஒரு தாயிடம் கேட்பது இலேசான வேலையல்ல. காற்சட்டையோடு ஓடுவதற்கே ஒழுங்கையில் கதை எழும்பும். "ரீச்சர் கூடப் போறா, நாட்டுக்குள்ளேயே பெரிய போட்டி, போகட்டும்" என்று மனதை அடக்கிக்கொண்டு அனுப்பினார்கள். அன்றிரவு எத்தனை வீடுகளில் விளக்கு அணையவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் ஒரு தாய் என்னைக் கேட்டார்: "விளையாடாமல் திரும்பவோ ரீச்சர் இவ்வளவு தூரம் கொண்டு போனீங்கள்?" என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அதையும் உங்கள் புத்தகத்தில் ஆர்வக் குறைவு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நட்டஈடு கேட்கவில்லை. புள்ளி கேட்கவில்லை. மன்னிப்பை வைத்து நாங்கள் என்ன செய்வது? அந்த ஒரு வரியை வெட்டுங்கள். வந்தார்கள், விளையாட விடவில்லை என்று உள்ளதை எழுதுங்கள். முடியாதென்றால், சமூகமளிக்கவில்லை என்றே இருக்கட்டும். ஆனால் எழுதியவர் யாரோ, அவர் தன் பெயரையும் கையெழுத்தையும் அதன் கீழே போட்டு எங்களுக்கு அனுப்பட்டும். தமிழில் அனுப்பட்டும். பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அணிப் பொறுப்பாசிரியர்,
பருத்தித்துறை.