அம்மாவைக் கேட்டீர்களா?

வயதான அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பதா? நம் குடும்பங்களில் பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். யார் எவ்வளவு பணம் போடுவது என்பது வரை முடிவாகிவிடும். அம்மாவை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்! "பாவம், வயசானவங்க, அவங்களுக்கு எதுக்கு இந்தக் கவலை?" என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் வாழப் போவது அம்மா அல்லவா?

ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே வந்திருக்கிறது. முதியோர் பராமரிப்பில் இருந்த குறைகளை விசாரிக்க அங்கே 2018-ல் ராயல் கமிஷன் அமைத்தார்கள். 2021-ல் இறுதி அறிக்கை வெளியானது. அதைத் தொடர்ந்து வந்த புதிய சட்டம் 2025 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. முதியவரால் முடிவெடுக்க முடியும் என்ற எண்ணத்தில்தான் எதையும் தொடங்க வேண்டும் என்கிறது அது. துணை வேண்டுமென்றால் மகனையோ மகளையோ நண்பரையோ உதவியாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். உதவியாளர் தகவல்களைக் கேட்டு வாங்கலாம், விளக்கலாம், முதியவரின் விருப்பத்தை எடுத்துச் சொல்லலாம். ஆனால் உதவியாளர் என்ற முறையில் அவருக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது.

அங்கே பிள்ளைகளோடு வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இது மிக முக்கியம். ஆங்கிலம் வராதபோது மகன்தான் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி ஐந்து நிமிடம் விளக்குவார். மகனோ "ஒண்ணுமில்லம்மா, சரின்னு சொல்லு" என்று முடித்துவிடுவான்! தன் மொழியில் பேசவும், மொழிபெயர்ப்பாளர் உதவி பெறவும் முதியவருக்கு உரிமை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது.

'மறதி நோய் வந்தவர் என்ன முடிவெடுப்பார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டணக் கணக்கும் ஒப்பந்தமும் புரியாமல் போகலாம். ஆனால் எப்போது குளிப்பது, யார் குளிப்பாட்டுவது, என்ன சாப்பிடுவது என்பதை அவரே சொல்லக்கூடும். ஒன்று முடியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது, கடன் இருக்கிறது. "இரவில் என்னால் பார்க்க முடியாது, மாதம் இவ்வளவுதான் கொடுக்க முடியும்" என்று அம்மாவிடமே வெளிப்படையாகச் சொல்லலாமே! வாழ்நாள் முழுக்க வீட்டுக் கணக்குப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கா புரியாது?