குழாய் வளைப்பவருக்கும் வடிவமைப்பு வேண்டும்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்பவன் நான். 1925-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் மார்செல் பிராயர், சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து, எஃகுக் குழாயிலேயே நாற்காலி செய்யத் துணிந்தார். அங்கே தறியும் தச்சுப்பட்டறையும் ஓவியர் பால் கிளேயின் வகுப்பும் ஒரே பள்ளிக்குள் இருந்தன. அந்தப் பள்ளியின் படைப்புகள் 1922-இலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வந்தன.

நம் மாவட்டத்தில், ஆவடியில், எஃகுக் குழாய் பல பத்தாண்டுகளாகத் தயாராகிறது. குழாயும் உண்டு, தேர்ந்த கையும் உண்டு. ஐடிஐ பிள்ளைகளுக்கு வெல்டிங் கற்றுத் தருகிறோம். ஆனால் உட்காருபவரின் முதுகு எங்கே சாயும் என்று யோசித்து வரைய யார் கற்றுத் தருகிறார்கள்? எனக்கு வரும் வரைபடம் எல்லாமே வெளியூர்க்காரர் போட்டவை. மனசு பொறுக்கவில்லை. வெல்டர் பயிற்சியில் வாரம் இரண்டு மணி நேரம் வடிவமைப்புக்கு ஒதுக்குங்கள். பிராயரின் நாற்காலியே முதல் பாடமாக இருக்கட்டும்.