பொட்டியைத் திறந்தா யார் முகம் தெரியணும்?

போன மாசம் ஊருக்குப் போனப்ப அக்கா வீட்டுப் பரண்ல அந்த லேப்டாப் கிடைச்சுது. ப்ளஸ் டூ படிக்கிறப்ப அக்கா பையனுக்கு அரசாங்கம் குடுத்தது. உசிர் போய் பல வருஷம் ஆச்சு. அதுல எனக்கும் பங்கு உண்டுங்கிறதால இந்தப் புலம்பல்.

2015ல மாப்ள ஒரு இன்டர்வியூவுக்காக நான் இருக்கிற நொய்டாவுக்கு வந்தான். காலேஜ் ப்ராஜக்டைக் காட்டலாம்னு லேப்டாப்பை ஆன் பண்ணியிருக்கான். திரை முழுக்க ஒரு முகம். எதிர்ல இருந்த வடக்கத்தி அதிகாரி "யார் இது, உங்க வீட்டுப் பெரியவங்களா?"ன்னு கேட்க, பையன் திருதிருன்னு முழிச்சிட்டு வந்துட்டான்.

"மாமா, இதை மொதல்ல எடுத்துக் குடுங்க."

நானும் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்தானே, பத்து நிமிஷ வேலைன்னு உட்கார்ந்தேன். வால்பேப்பரை மாத்தியாச்சு. விண்டோஸையே அழிச்சு லினக்ஸ் போட்டாச்சு. ஆன் பண்ணா அதே முகம்! அந்தப் படம் ஹார்ட் டிஸ்க்லயே இல்லைங்க. மதர்போர்டுல இருக்கிற பயோஸ் சிப்புக்குள்ள இருக்கு. பவர் பட்டனை அமுக்கினதும் விண்டோஸுக்கு முன்னாடி முழிக்கிறது அதுதான். சில மாடல்ல பயோஸ் செட்டப்ல 'க்வயட் பூட்'னு ஒண்ணு இருக்கும், அதை அணைச்சா படம் போயிடும். இதுல அதுவும் இல்லை. மிச்சம் ஒரே வழி, பயோஸையே புதுசா எழுதறது. மார்க்கெட்ல ஒரு கடைக்காரர் எழுத ஆரம்பிச்சார். பேட்டரி ஏற்கனவே காலி. பாதியில கரண்ட் கட். பயோஸ் பாதியில நின்னா மதர்போர்டு வெறும் செங்கல்தான். டிஸ்க்கைக் கழட்டி ப்ராஜக்டை மட்டும் காப்பாத்தினோம்.

நம்மூர் மட்டும்தான் இப்படின்னு இல்லை. 2013ல உ.பி. அரசு குடுத்த லேப்டாப்ல முலாயம், அகிலேஷ்னு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே வந்தாங்க. எங்க வாட்ச்மேன் பொண்ணு கொண்டுவந்து காட்டினப்ப, 'என்ன ஊருய்யா இது'ன்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். தமிழ்நாட்டுல 2011லயே திட்டம் ஆரம்பிச்சாச்சுங்கிறது அப்ப உறைக்கலை.

இலவசமா வாங்கிட்டு என்னய்யா வாய்னு கேட்பீங்க. திட்டத்தை நான் குறை சொல்லலை. அக்கா சம்பாத்தியத்துல அந்தப் பையன் கையில கம்ப்யூட்டர் வந்திருக்கவே வந்திருக்காது. ஆனா காசு யாரோடது? அக்கா வாங்கற சோப்புக்கும் கட்டற வரிதானே? குடுத்தப்புறம் பொருள் அந்தப் பிள்ளையோடது. போஸ்டர்னா மழையில கிழியும். பேப்பர் விளம்பரம்னா பக்கத்தைப் புரட்டிடலாம். அதுக்கே 2015 மே மாசம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரத்துல குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போதும்னு சொல்லிச்சு. அடுத்த வருஷமே முதல்வர், அமைச்சர் படமும் வரலாம்னு தளர்த்தினாங்க, அது வேற கதை. ஆனா சிப்புக்குள்ள படம் தானா முளைக்காது. சப்ளை பண்றவங்ககிட்ட கேட்டுப் போட வச்சாதான் வரும். கழட்ட முடியாத இடமாப் பார்த்து வச்சதுதான் எனக்குக் கடுப்பு.

2012 தேர்தலப்போ தேர்தல் கமிஷன் உத்தரவுல இங்க நொய்டா பார்க்ல கல் யானைகளைக் கூடத் துணி சுத்தி மூடினாங்க. பயோஸுக்கு எந்தத் துணியைப் போர்த்துவாங்க?

2021ல ஆட்சி மாறினப்போ, முந்தைய முதல்வர்கள் படம் போட்ட சுமார் 65 லட்சம் ஸ்கூல் பைகளை அப்படியே குடுங்கன்னு ஸ்டாலின் சொன்னார். 13 கோடி மிச்சம்னாங்க. நல்ல காரியம், கை தட்டினேன். அடுத்த டெண்டர்ல 'எந்த முகமும் வேண்டாம்'னு ஒரு வரி சேர்த்தா இன்னும் பலமாத் தட்டுவேன்.

"எடைக்குப் போட்டுடவா?"ன்னு அக்கா கேட்டா. தூசியைத் தட்டிப் பார்த்தேன். மூடி மேல இருக்கிற படம் மட்டும் இன்னும் பளபளன்னு இருக்கு.