காணும் பொங்கலன்று இரண்டு படங்கள்

அன்புள்ள ஊராருக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு சமுதாயக் கூடத்தில் ‘யூனியன்’ என்ற ஆவணப்படம் பார்த்தேன். பிரெட் ஸ்டோரி, ஸ்டீபன் மெயிங் இருவரும் சேர்ந்து இயக்கி 2024-ல் வந்த படம். அதை நம் ஊரிலும் திரையிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் அமேசானின் பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. 2020-ல் கொரோனா பாதுகாப்பு கேட்டு அங்கே வெளிநடப்பு நடத்திய கிறிஸ் ஸ்மால்ஸை அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கினார்கள். அவரும் தோழர்களும் கிடங்குக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் கூடாரம் போட்டார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், குறைகளைக் கேட்டார்கள். சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பின் முடிவு 2022 ஏப்ரல் 1 அன்று வந்தபோது சங்கத்துக்கு ஆதரவாக 2,654 வாக்குகள், எதிராக 2,131. அமெரிக்காவில் அமேசான் கிடங்கு ஒன்றில் சங்கம் வென்றது அதுதான் முதல் முறை. வென்ற பிறகு தோழர்களுக்குள் எழுந்த சண்டையையும், பேச்சுவார்த்தைக்கு வர மறுத்த நிறுவனத்தையும் படம் மறைக்கவில்லை. அதனால்தான் அதை நம்புகிறேன்.

நம் மண்ணும் இந்த வழியில் நடந்ததுதான். 1943-ல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ், தென்கன்னடத்துக்காரர். சேரி சேரியாக நடந்து, அங்கேயே உண்டு உறங்கி, பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது அந்தச் சங்கம். கூலி உயர்வு கேட்டு, சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேரைப் பண்ணையார்களின் ஆட்கள் எரித்தார்கள். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ அந்த வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படம். இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்கும் அண்ணன்மாருக்குச் சங்கம் என்றால் என்னவென்று தெரியும். ஒப்பந்தக்காரர் வேனில் ஏறி, வெளியூர்க் கிடங்கில் ஸ்கேனரோடு ஓடும் தம்பிக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? 2024-ல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், ஆறு லாரி சரக்கு இறக்கும்வரை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போகமாட்டோம் என்று கொளுத்தும் வெயில் காலத்தில் உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து அதைக் கையில் எடுத்தது. அங்கே நின்றவர்களும் ஏதோ ஓர் ஊரின் பிள்ளைகள்தான்.

பொங்கலுக்கு நம் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். காணும் பொங்கல் மாலை ஒரு திரை கட்டுங்கள். நடவுக்குப் போகும் அக்காமாரும், மூட்டை தூக்குகிறவர்களும், கிடங்குத் தம்பி தங்கைகளும் ஒன்றாக உட்காரட்டும். படம் முடிந்ததும் மேடைப் பேச்சு வேண்டாம். சங்கம் வளர்ந்த அந்த நாட்களைக் கண்ட பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கட்டும்: சம்பளச் சீட்டு தருகிறார்களா? பி.எஃப். பிடிக்கிறார்களா? அடிபட்டால் யார் பொறுப்பு? சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே குறையைப் பத்துப் பேர் சொன்னால், அந்தப் பத்துப் பேரையும் அன்றைக்கே ஒன்றாக உட்கார வையுங்கள்.

படங்களுக்கு அனுமதி வாங்குவதும், செலவும், ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுவதும் என் பொறுப்பு. இடத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை