கப்பல் அட்டையில் கரைந்த 231 டாலர்

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிய கப்பலில், கடைசி நாள் காலை, அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் எங்கள் அறைக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவுக்கு அது வழக்கம். ஃபேர்பிரைஸ் ரசீதைக்கூட வீட்டுக்கு வந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார். தம்பி குடித்த மில்க்‌ஷேக், பாட்டியை வைத்து எடுத்த குடும்பப் படம் என்று ஒவ்வொரு வரியாக நகர்ந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“இது என்னம்மா, நீ இருபது இருபதா எதையோ வாங்கியிருக்க? கூடவே ஒரு டாலர் ஒரு டாலரா வேற போட்டிருக்கான்?”

பதினொரு முறை 20 டாலர். ஒவ்வொன்றுக்கும் கீழே சேவைக் கட்டணம் 1 டாலர். மொத்தம் 231 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 300 வெள்ளி. வாங்கியது எதுவும் இல்லை. ஐந்தாம் தளத்தில் இருந்த சூதாட்டக்கூடத்தில், ஜாக்பாட் இயந்திரத்தின் முன் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

பாட்டியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ஜூன் விடுமுறையில் குடும்பமாகச் சென்ற மூன்று இரவுப் பயணம் அது. வாய்மொழித் தேர்வில் சூதாட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, திருக்குறளில் ‘சூது’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது என்று சொல்லி ஆசிரியரைத் தலையாட்ட வைத்தவள் நான். அதனால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் எப்படிப் பணத்தை இழந்தேன் என்பதைவிட, எப்படிச் செலுத்தினேன் என்பதுதான் பேசப்பட வேண்டியது என்று நினைக்கிறேன்.

உல்லாசக் கப்பலில் ஏறியதும் ஆளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அறைக் கதவைத் திறப்பது அதுதான். கப்பலை விட்டு இறங்கி ஏறும்போது காட்டுவதும் அதுதான். குளிர்பானம் வாங்கவும் அதுதான். கப்பலுக்குள் கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை. எல்லாம் அட்டையில் ஏறி, கடைசியில் ஒரே கணக்காக வரும். எங்கள் ஐந்து பேரின் அட்டைகளும் அம்மாவின் கடன் அட்டையோடு இணைக்கப்பட்டிருந்தன. பயணப் பதிவின்போது அம்மாதான் அப்படிச் செய்திருந்தார். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்க ஒவ்வொரு முறையும் தன்னைத் தேடி வர வேண்டாமே என்ற நல்லெண்ணம்.

அதே அட்டையை ஜாக்பாட் இயந்திரத்திலும் செருகலாம் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் முதல் நாள் இரவு வரை தெரியாது. கலையரங்கிலிருந்து உணவகத்துக்குப் போகும் வழி சூதாட்டக்கூடத்தின் நடுவே போகிறது. துறைமுகத்தில் நிற்கும்போது இருட்டிக் கிடந்த இடம், கப்பல் கடலுக்குள் போனதும் விளக்கும் இசையுமாக மாறியிருந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார். “சும்மா ஒரு இருபது டாலர் போட்டுப் பாரு, காசுகூட எடுக்க வேண்டாம்” என்றார். அட்டையைச் செருகினேன், ரகசிய எண்ணை அழுத்தினேன், 20 டாலர் என்று தேர்ந்தெடுத்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

எனக்கு இருபது வயது. மரினா பே சேண்ட்சிலோ ரிசார்ட்ஸ் வோர்ல்டு செந்தோசாவிலோ உள்ள சூதாட்டக்கூடத்துக்குள் 21 வயதாகும்வரை நான் காலடி வைக்க முடியாது. நாங்கள் சென்ற கப்பலில் 18 வயது போதும்.

வயது மட்டுமல்ல. இந்த இரண்டு கூடங்களும் 2010ல் திறக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2006ல், சிங்கப்பூர் இதற்கென ஒரு சட்டத்தை இயற்றிவிட்டது. அது பணம் செலுத்தும் வழியில் எத்தனை தடைகளை வைத்திருக்கிறது என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் படித்துப் பார்த்தேன். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 100 வெள்ளியாக இருந்தது, 2019ல் 150 வெள்ளியானது. ஆண்டு முழுவதுக்கும் 3,000 வெள்ளி. கூடத்துக்குள் ஏடிஎம் இயந்திரம் வைக்கக்கூடாது. பெருந்தொகையை முன்வைப்பாகக் கட்டும் சிலரைத் தவிர, உள்ளூர்வாசிகளுக்குக் கடனுக்கு விளையாட இடமில்லை. அதாவது, கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டால் எழுந்து வெளியே நடக்க வேண்டும். அந்த நடைதான் பாதுகாப்பு. (நுழைவுக் கட்டணத்தை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று இன்னும் அதிகமாக விளையாடுபவர்களும் உண்டு என்பார்கள். அது வேறு விவாதம்.)

கப்பலில் நான் எழுந்து நடக்கவே இல்லை. நடக்கத் தேவையிருக்கவில்லை. 20 டாலர் தீர்ந்தது, மறுபடி அழுத்தினேன், மறுபடி 20 டாலர். என் பணப்பையில் அப்போது 50 வெள்ளித் தாள் ஒன்று இருந்தது. மூன்று இரவும் அது அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தாளை இயந்திரத்துக்குள் விடச் சொல்லியிருந்தால் ஒருமுறை விட்டிருப்பேன். இரண்டாவது தாள் தேடிப் போயிருக்க மாட்டேன்.

இது என் கற்பனை மட்டுமல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூடைப்பந்து ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். சிலரிடம் ரொக்கமாகத் தர வேண்டும் என்றார்கள், மற்றவர்களிடம் கடன் அட்டை என்றார்கள். அட்டைக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்களின் விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பொருள் ஒன்றுதான். கையை விட்டுப் பணம் போவது தெரிகிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இயந்திரத்துக்குள் போன பிறகு அந்தப் பணம் இன்னொரு முறை உருமாறுகிறது. திரையில் டாலர் காட்டுவதில்லை, புள்ளிகள் காட்டுகிறது. 20 டாலர் போட்டால் 2,000 புள்ளி. இரண்டாயிரம் என்று பார்த்ததும் பெரிய செல்வந்தர்போல ஓர் உணர்வு. ஒரு சுற்றுக்கு 50 புள்ளி போனால் என்ன, 100 போனால் என்ன?

அதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. திரையில் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் பந்தயம் கட்டுகிறோம். 50 புள்ளி கட்டி, ஏதோ ஒரு வரிசையில் 20 புள்ளி கிடைக்கிறது. 30 புள்ளி நட்டம். ஆனால் விளக்கு மின்னுகிறது, மணி ஒலிக்கிறது, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைக்கிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு வெற்றி வேடமிட்ட தோல்வி என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 2010ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட தோல்வியின்போது விளையாடுபவரின் உடலில் ஏற்படும் கிளர்ச்சி உண்மையான வெற்றியின்போது ஏற்படுவதைப் போலவே இருந்தது. இரண்டு இரவிலும் “பரவாயில்லை, ஓரளவு ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. உண்மையில் ஒரே ஒருமுறை 42 டாலர் வரை ஏறியது. அதைக் காசாளரிடம் போய் வாங்கியிருக்கலாம். வாங்க வேண்டுமென்றால் எழ வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். போடுவதற்குப் பத்து விநாடி, எடுப்பதற்கு வரிசை!

இதை என் பல்கலைக்கழகத் தோழியிடம் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “சினிமாவுக்குப் போனா பணம் திரும்பி வருமா? பொழுதுபோக்குக்குக் கொடுத்த விலைன்னு நினைச்சுக்கோ” என்றாள். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். சினிமாவுக்குப் போகும்போது விலை எனக்கு முன்பே தெரியும். இங்கே ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு எட்டுச் சுற்று என்றால் மணிக்கு 480 சுற்று. சுற்றுக்கு 50 காசு என்றால் 240 டாலர் அந்த இயந்திரத்தின் வழியாக ஓடுகிறது. நூற்றுக்குப் பத்தை அது தனக்கு வைத்துக்கொள்கிறது என்று கொண்டால், சராசரியாக மணிக்கு 24 டாலர் போகும். ஒரு டாலர் கட்டினால் 48. இரண்டாம் இரவில் நான் ஒரு டாலருக்கு மாறியிருந்தேன். ஏன் மாறினாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த விலைப் பட்டியல் எந்த இயந்திரத்தின் மேலும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. அட்டை மூலம் போடும் ஒவ்வொரு 20 டாலருக்கும், நாங்கள் சென்ற கப்பலில், விளையாட்டு தொடங்கும் முன்பே ஒரு டாலர் போய்விடுகிறது. அதை ரகசிய எண் கேட்கும் திரையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை. அது என் தவறு.

என் தவறு என்பதை மறுக்கவே இல்லை. ஆனால் நம் தலைமுறை எப்படி வளர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பேருந்தில் ஒரு தட்டு, உணவங்காடியில் ஒரு வருடல். உயர்நிலை இரண்டாம் வகுப்பில் கைப்பேசி விளையாட்டுக்காக ‘வைரம்’ வாங்கிய நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். அந்த வைரத்தைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைத் திறப்பார்கள். பணத்தை முதலில் வேறு பெயருள்ள ஒன்றாக மாற்றுவது, பிறகு அதை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பது. கப்பலில் நான் செய்தது இதைத்தான். பதின்மூன்று வயதிலேயே பழகிய விரல்.

“கட்டுப்பாடு வேண்டும்” என்று இளையர்களுக்கு அறிவுரை சொல்வதோடு இதை முடித்துவிடக்கூடாது என்பது என் கருத்து. நான் கேட்பது சிறிய மாற்றம்தான். கப்பல் அட்டையில் சூதாட்ட வசதி தொடக்கத்தில் மூடியே இருக்கட்டும். வேண்டுமென்பவர் சேவை முகப்புக்குப் போய்க் கையெழுத்திட்டு, எவ்வளவு வரை என்றும் சொல்லித் திறந்துகொள்ளட்டும். குடும்பக் கணக்கில் இணைந்த அட்டை என்றால், கட்டணம் செலுத்துபவரின் சம்மதமும் கேட்கப்படட்டும். இது யாருடைய விளையாட்டையும் தடுப்பதாகாது. மோசடிகள் பெருகியபோது நம் உள்ளூர் வங்கிகள் மூன்றும் 2023ல் சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. இணையம் வழியாகப் பணத்தை நொடியில் அனுப்பலாம், ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க மட்டும் கூடுதலாக ஒரு படி ஏற வேண்டும். வேகம் எல்லா இடத்திலும் நல்லதில்லை என்பதை வங்கிகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த யோசனை என் மூளையில் உதித்ததுகூட இல்லை. கடைசி நாள் காலை, அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு, நான் உண்மையைச் சொன்ன பிறகு, அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே ஓடினேன். சேவை முகப்பில் இருந்த இளைஞரிடம் அம்மா தன் அலுவலக ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைகளின் அட்டையில் சூதாட்டத்தை மட்டும் நிறுத்த முடியுமா? முடியும், தாராளமாக முடியும், முதல் நாளே வந்து சொன்னால் இரண்டு நிமிட வேலை என்றார் அவர். “நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?” என்று அம்மா கேட்டார். யாரும் கேட்பதில்லை மேடம் என்றார் அவர், மிக மரியாதையாக.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தொடக்கநிலை மாணவர்கள் இருவருக்குத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன், மணிக்கு 35 வெள்ளி. அந்த 300 வெள்ளி என் எட்டரை மணி நேரம். மாதம் 50 வெள்ளி வீதம் பேநவ் மூலம் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அனுப்பும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும், வேறு பேச்சு கிடையாது. இன்னும் இரண்டு தவணை பாக்கி.

டிசம்பரில் பெரியம்மா குடும்பத்தோடு இன்னொரு பயணம் போகலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பயணப் பதிவைச் செய்யும் பொறுப்பை அம்மா இந்த முறை என்னிடமே கொடுத்திருக்கிறார். எல்லா அட்டைகளிலும் சூதாட்ட வசதியை முன்கூட்டியே மூடிவிடும்படி கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒன்பது நாளாகிறது. விசாரணைக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. அதற்குக் கீழேயே, சூதாட்டக்கூடத்தில் பயன்படுத்த எனக்கு 25 டாலர் இலவசம் என்று ஒரு விளம்பரமும்!