பகலிலும் சுவாசிக்கும் பயறு

தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன என்ற நம்பிக்கை பள்ளிக்கூடம் போனவர்களிடம்தான் ஆழமாக வேரோடியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி இப்படிச் சொல்வதில்லை. தண்ணீர் தேங்கிய வயலில் வேர் மூச்சுத் திணறி அழுகும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பகல் என்றும் இரவு என்றும் அவர் பிரிப்பதில்லை. பிரித்துச் சொல்பவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். அண்மையில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்ற அட்டையில், சூரியன் வரைந்த பாதியில் ஒளிச்சேர்க்கை என்றும் நிலா வரைந்த பாதியில் சுவாசம் என்றும் எழுதியிருந்தது. மதிப்பெண் போட்ட ஆசிரியர்கள் எவருக்கும் அது தவறாகப் படவில்லை.

இந்தப் பிழை வகுப்பறையோடு நிற்பதில்லை. புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்பது பழைய பேச்சு. அதற்கு இப்போது அறிவியல் விளக்கம் ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது: மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் தூங்குபவருக்கு மூச்சு முட்டுகிறது, முன்னோர் இதை அறிந்தே பேய் என்றார்கள். மேடையிலும் தொலைக்காட்சியிலும் இது பகுத்தறிவாகப் பரிமாறப்படுகிறது. உண்மையில் திறந்த வெளியில் மரம் விடும் வாயு காற்றோடு கலந்து போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு இருட்டில் மணிக்கு விடும் கரியமில வாயு ஏறத்தாழ லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்து, அதைவிடச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயுவை விடுகிறார். மரத்துக்குப் பயப்படுகிறவர் பக்கத்தில் தூங்கும் தம்பிக்குத்தான் முதலில் பயப்பட வேண்டியிருக்கும். அமுக்குவான் என்பது கனவு நிலையில் தசைகள் தளர்ந்து கிடக்கும்போதே மூளை விழித்துக்கொள்வதால் வரும் சிறுபொழுது அசைவின்மை. அது மாடி வீட்டுக் கட்டிலிலும் வரும். புளியமரத்தின் மேல் போடப்பட்ட இந்தப் பழி, செல் சுவாசத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காத வகுப்பறையிலிருந்து வந்தது.

செல் சுவாசம் என்பது உயிருள்ள செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றலை எடுக்கும் வேதிவினை. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து ஆறு கரியமில வாயு மூலக்கூறுகளும் ஆறு நீர் மூலக்கூறுகளுமாக முடிகிறது. இடையில் கிளைக்காலிசிஸ் செல்லின் சைட்டோபிளாசத்திலும், கிரப்ஸ் சுழற்சியும் எலக்ட்ரான் கடத்தலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடக்கின்றன. சூரியன் இருக்கிறதா என்று மைட்டோகாண்ட்ரியா பார்ப்பதில்லை. ஆற்றல் தேவைப்படாத நொடி உயிருள்ள செல்லுக்குக் கிடையாது. ஆகவே சுவாசம் நிற்கும் வேளையும் கிடையாது.

இதை நம்பவைக்கப் பெரிய விவாதம் வேண்டாம், முளைகட்டிய பச்சைப் பயறு போதும். பயறுக்கு இலை விரியவில்லை, பச்சையமும் இன்னும் சரியாகத் திரளவில்லை. ஆனாலும் அது வளர்கிறது, வெப்பத்தை விடுகிறது, ஆக்சிஜனைக் குடிக்கிறது. இதெல்லாம் காலை முதல் மணி அடித்ததிலிருந்து மாலை கடைசி மணி வரை, நல்ல பகலில், நாற்பது பிள்ளைகள் கண்முன்னால் நடக்கிறது. இரவில்தான் தாவரம் சுவாசிக்கும் என்பவர் இந்தப் பயறுக்கு என்ன பதில் சொல்வார்?

செய்முறை எளியது. பயறை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்க விட வேண்டும். அதில் பாதியை வேகவைத்து ஆறவைக்க வேண்டும். இரண்டு கூம்புக் குடுவைகளின் அடியில் ஈரப்பஞ்சு போட்டு, ஒன்றில் உயிருள்ள பயறையும் மற்றதில் வெந்த பயறையும் சம அளவில் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வைத்த சிறு குப்பியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வளைந்த கண்ணாடிக் குழாய் செருகிய ரப்பர் அடைப்பானால் மூடி, இடுக்கில் வாசலின் தடவ வேண்டும். குழாயின் மறுமுனை நிறம் கலந்த நீரில் முங்கியிருக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு தோலை அரிக்கும் என்பதால் அதை ஆசிரியரே கையாள வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் உயிருள்ள பயறின் குழாயில் நீர் ஏறத் தொடங்கும். வெந்த பயறின் குழாயில் ஏறாது.

ஏன் ஏறுகிறது என்ற கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. பயறு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட அதே கனஅளவு கரியமில வாயுவைத் திருப்பித் தருகிறது. பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு இல்லாவிட்டால் குடுவைக்குள் கனஅளவு பெரிதாக மாறாது, நீரும் ஏறாது. வெளிவந்த கரியமில வாயுவை அந்தக் குப்பி உறிஞ்சிக்கொள்வதால்தான் போன ஆக்சிஜன் அளவுக்கு உள்ளே அழுத்தம் குறைந்து நீர் மேலேறுகிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, விட்ட கரியமில வாயுவுக்கும் எடுத்த ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதமான சுவாச ஈவு என்ற கருத்து தனிப் பாடமாகவே தேவைப்படாது. குடுவையை ஒருவர் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே காற்று விரிந்து நீர் கீழிறங்கும்; அப்போது வெந்த பயறின் குடுவை எதற்காகப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் விளங்கும். வெந்த பயறை இரண்டு நாள் விட்டுவைத்தால் அதிலும் நீர் ஏறும். ஆசிரியர்கள் பதறிப்போய் அதைத் தூக்கி எறிகிறார்கள். அது எறிய வேண்டியதல்ல. அழுகலில் பெருகிய பாக்டீரியாவும் சுவாசிக்கிறது என்று அந்தக் குடுவையே சொல்லித்தருகிறது.

பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கிடைக்காத பள்ளியில் சுண்ணாம்பு நீர் போதும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை வடித்தால் அது தயார். ஒரு சிறு கிண்ணத்தில் அதை ஊற்றி, மூடிய பாட்டிலுக்குள் ஒரு கைப்பிடி பயறோடு வைத்தால், மேலே வெள்ளை ஏடு படிந்து, அசைத்ததும் பால்போல் கலங்கும். கால்சியம் ஹைட்ராக்ஸைடு கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆவதே அந்தக் கலங்கல். பயறு அளவுக்கு மிஞ்சினால், கலங்கியது பைகார்பனேட்டாகிக் கரைந்து மறுபடி தெளிந்தும் விடும். ஆகையால் இடையிடையே பார்க்க வேண்டும், கடைசியில் மட்டும் பார்த்து எழுதக் கூடாது.

இதில் எதுவும் புதிதல்ல. தாவரம் காற்றை என்ன செய்கிறது என்று 1779இல் நூல் எழுதிய இங்கன்ஹவுஸ், ஒளி பட்ட பச்சைப் பகுதியே காற்றைத் தூய்மையாக்குகிறது என்று காட்டினார். நிழலிலும் இரவிலும் செடி காற்றைக் கெடுக்கிறது என்ற எச்சரிக்கை அந்நூலின் தலைப்பிலேயே இருந்தது. வேரும் பூவும் பழமும் பகலிலும் காற்றைக் கெடுக்கின்றன என்றும் அவர் கண்டார். உலகம் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது. நோயாளியின் அறையிலிருந்து இரவில் பூங்கொத்தை அகற்றும் பழக்கம் அந்த அரைகுறை வாசிப்போடு ஒத்துப்போகிறது. 1780களில் லவாய்சியரும் லாப்லாஸும் கினிப்பன்றியைப் பனிக்கட்டிக் கலோரிமானிக்குள் வைத்து, சுவாசம் மெதுவாக நடக்கும் எரிதல் என்றார்கள். 1804இல் தெ சொஸ்யூர் தாவரத்துக்கும் ஆக்சிஜன் தேவை என்று அளந்து காட்டினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அளந்து முடித்த விஷயத்தை இன்றும் சூரியன், நிலா என்று இரண்டாகக் கிழித்து அட்டையில் ஒட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியம்.

இலையின் கதை மட்டும் கொஞ்சம் சிக்கல். நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை சுவாசத்தைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால், இலை விடும் கரியமில வாயு அங்கேயே செலவாகிவிடுகிறது. வெளியில் ஆக்சிஜன் மட்டுமே தெரிகிறது. இதைப் பிரித்துக் காட்ட ஹைட்ரஜன்கார்பனேட் நிறங்காட்டி உதவும். சாதாரணக் காற்றில் அது சிவப்பு, கரியமில வாயு கூடினால் மஞ்சள், குறைந்தால் ஊதா. மூன்று குழாய்களில் அந்த நீரையும் அதில் படாமல் ஒவ்வோர் இலையையும் வைத்து மூடி, ஒன்றை வெளிச்சத்திலும், ஒன்றைக் கறுப்புக் காகிதம் சுற்றியும், ஒன்றை மெல்லிய துணி சுற்றியும் வைத்தால் முறையே ஊதா, மஞ்சள், ஏறக்குறைய மாறாத சிவப்பு என்று காணலாம். முக்கியமானது மூன்றாவது குழாய். அரை வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கிறது. சுவாசம் மட்டும் நின்றிருந்தால் நீர் ஊதாவை நோக்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெளிச்சத்திலும் இலை சுவாசிக்கிறது என்பதற்கு அந்தக் குழாயே சாட்சி. இதுவும் கடினம் என்பவர் பயறுக்கே திரும்பிப் போகலாம். பயறில் மறைப்பு எதுவும் இல்லை.

பல பள்ளிகளில் செல் சுவாசத்துக்கென்று செய்யும் ஒரே சோதனை, உறிஞ்சுகுழல் வழியாகச் சுண்ணாம்பு நீரில் ஊதுவது. அது கெட்ட சோதனை. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடு, சாதாரணக் காற்றில் சுமார் 0.04 விழுக்காடு என்ற வேறுபாட்டை மட்டும் அது காட்டுகிறது. நுரையீரல் காற்றை இழுத்து விடுவதும், செல் குளுக்கோஸை உடைப்பதும் ஒன்றே என்ற குழப்பத்தை அது கூட்டுகிறது. பயறுக்கு நுரையீரல் இல்லை, மூக்கு இல்லை, அது மூச்சு வாங்குவதும் இல்லை, ஆனால் சுவாசிக்கிறது. ஊதும் சோதனையால் சொல்ல முடியாத இந்தச் செய்தியைப் பயறு சொல்லிவிடுகிறது. ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த பாட்டிலில் பலூன் கட்டி உப்பவிடும் சோதனையும் ஊதும் சோதனையைப் போலவே குழப்புகிறது. அங்கே பெரும்பாலும் நடப்பது நொதித்தல், குளுக்கோஸ் ஒன்றுக்கு 2 ஏடிபி (செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) மட்டுமே தரும் காற்றில்லாச் சுவாசம். அதைக் காட்டிவிட்டு, கரும்பலகையில் ஆக்சிஜன் சேர்ந்த சமன்பாட்டை எழுதிப்போட்டால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்?

இதற்கெல்லாம் மேலே ரெக்கார்டு நோட்டு என்ற நோய். சுவாசத்தை அளக்கும் கானாங் ரெஸ்பிரோமீட்டரைக் கண்ணால் பாராமல் அதன் படத்தைக் கூர் பென்சிலால் வரைந்து பாகம் குறிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காண்பவை என்ற தலைப்பின் கீழ், காணாததை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். பொய்ச் சாட்சி எழுதுவதை ஒரு பாடத்திட்டம் இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்க முடியாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பதே மாணவருக்குச் செய்யும் உதவி என்று நினைக்கும் வழக்கம், பயறு ஊறப்போடும் வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களோ ஒரு குளுக்கோஸிலிருந்து 36 ஏடிபியா 38 ஏடிபியா என்று சரியான கட்டத்தைக் கறுக்கச் சொல்லிக்கொடுக்கின்றன. இன்றைய கணக்கில் அது 30 முதல் 32 வரைதான். அந்த எண்ணை மனனம் செய்த மாணவரும் இரவில் மரத்தடியில் படுக்க அஞ்சுகிறார்.

இந்த அறியாமையின் மேல் வியாபாரமும் நடக்கிறது. பாம்புக் கற்றாழை இரவில் ஆக்சிஜன் தரும் என்று நாற்றுப்பண்ணைகள் விற்கின்றன. அரசமரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஆக்சிஜன் தருகிறது என்று ஆண்டுதோறும் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் பேசுகிறார்கள். ஆக்சிஜன் வருவது நீர் மூலக்கூறு ஒளியால் பிளக்கப்படும்போதுதான். கள்ளி, கற்றாழை போன்ற சில தாவரங்கள் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே சேமிக்கின்றன என்பது மெய். ஆனால் இருட்டில் அவை ஆக்சிஜனை விடுவதில்லை. எந்தத் தாவரமும் விடுவதில்லை. அரசமரத்தைப் போற்ற நிழலும் பறவைகளும் போதும், பொய் வேண்டாம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றில் அவிசினியா மரங்கள் வேர்களைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டியிருப்பது ஆக்சிஜனுக்காக. அந்த ஆக்சிஜன் போய்ச் சேரும் வேர் சேற்றுக்குள் வெயிலே காணாமல் கிடக்கிறது. அதற்கு ஏது பகல், ஏது இரவு? படகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரும் பள்ளிச் சுற்றுலாவில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கருவி இல்லை, நேரம் இல்லை என்ற சாக்கை ஏற்க முடியாது. மூடியுள்ள இரண்டு பாட்டில், வெற்றிலைச் சுண்ணாம்பு, கால் கிலோ பயறு, இவை கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. காலையில் வைத்துவிட்டு மற்ற பாடங்களை நடத்தலாம். பயறு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். செல் சுவாசப் பாடத்தை எடுக்கவிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு நாள் முன்னதாகவே பயறை ஊறப்போட வேண்டும். அதில் பாதியை வேகவைக்க மறக்கக் கூடாது.